வீடும் வேலையும் ஒரே மரக்கூரையின் கீழ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரத்தில் வீடு கட்டி அதிலேயே வேலையும் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே இருபது கேள்விதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது. அதனால் அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எல்லாவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். எனக்கும் இப்படி ஒரு வீடு இருக்கிறது, அதில் நான் செய்த தப்புகளும் நடுநடுவே வரும். பின்னால் உள்ள பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் பேசும் என்பதால் மேலிருந்து படித்தால் நல்லது.

மரவீடு என்றால் முழுக்க மரமா? சிமென்ட்டே வராதா?

வரும். அடித்தளம் பெரும்பாலும் கான்கிரீட்தான், அல்லது கல். இணைப்புகளில் இரும்புத் தகடும் திருகும் இருக்கும், குளியலறையில் ஓடு இருக்கும், சுவருக்கு உள்பக்கம் ஜிப்சம் பலகை இருக்கும். பாரத்தைத் தாங்குகிற எலும்புக்கூடு மரமாக இருந்தால் அது மரவீடு, அவ்வளவுதான். வெளியே அழகுக்குப் பலகை ஒட்டிய கான்கிரீட் வீடு மரவீடு ஆகாது. வெளியே பூச்சு பூசி, பார்த்தால் மரமே தெரியாத வீடு மரவீடாக இருக்கலாம்.

எத்தனை விதமாகக் கட்டுகிறார்கள்? வீட்டிலேயே வேலை பார்க்கிறவனுக்கு எது தோது?

பெரிய வகை நான்கு. மரத்தடிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிச் சுவர் எழுப்புவது ஒன்று. 40 அல்லது 60 செ.மீ. இடைவெளியில் மெல்லிய சட்டங்களை நிறுத்தி இருபக்கமும் பலகை அடிக்கும் சட்டக வீடு இரண்டாவது. கனமான தூணும் உத்தரமும் பாரத்தைத் தாங்க, சுவர் வெறும் மறைப்பாக நிற்பது மூன்றாவது. நான்காவது சி.எல்.டி. எனப்படும் குறுக்கடுக்குப் பலகை. பலகைகளை ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டிச் சுவராகவும் தளமாகவும் ஆலையிலேயே அறுத்துக் கொண்டுவருவார்கள். 1990-களில் ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் உருவான முறை இது.

வேலையும் சேர்ந்த வீட்டுக்கு என் ஓட்டு தூண்-உத்தர முறைக்கு. சுவர்கள் பாரம் தாங்காததால் நாளை வேலை மாறினால் சுவரையும் மாற்றிக்கொள்ளலாம். சட்டக வீடு லேசானது, சீக்கிரம் முடியும், ஆனால் சத்தத்துக்கு அதிகம் மெனக்கெட வேண்டும். சி.எல்.டி. உறுதியாக இருக்கும், ஒரு ப்ளக் பாயிண்டை நகர்த்துவதுதான் பெரிய வேலை. தடிவீடு பார்க்க அழகு. ஆனால் அது வருடக்கணக்கில் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும், அதை அப்புறம் சொல்கிறேன்.

ஒரு ரூமில் மேசை போட்டால் போதாதா? இதற்கென்று தனி டிசைன் எதற்கு?

ஒரு லேப்டாப்பும் ஒரு நாற்காலியும்தான் உங்கள் தொழில் என்றால் போதும், இந்தப் பக்கத்தை இங்கேயே மூடிவிடலாம். ஆனால் வேலை அப்படி ஒரு மேசையோடு நிற்பதில்லை. கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்த கதையாக, குடும்பத்துக்கென்று கட்டிய வீட்டில் இரண்டே வருடத்தில் வேலை வந்து படுத்துக்கொள்ளும். சாப்பாட்டு மேசையில் பார்சல் அட்டைகள் ஏறும், படுக்கையறையில் பிரிண்டர் வரும், வாடிக்கையாளர் கூடத்தில் வந்து உட்காரும் நேரத்தில் பிள்ளை துண்டோடு குளியலறையிலிருந்து வெளியே வரும்.

செங்கல் வீட்டில் இதை ஓரளவு பிறகு சமாளிக்கலாம். செங்கல் சுவருக்கு எடை இலவசமாகக் கிடைக்கிறது, சத்தத்தையும் அதிர்வையும் அந்த எடையே பெருமளவு விழுங்கிவிடும். மரத்துக்கு அந்தச் சலுகை இல்லை. அதனால் வீட்டுக்கும் வேலைக்கும் நடுவிலுள்ள கோட்டை எலும்புக்கூடு போடும்போதே போட வேண்டும், பிறகு ஒரு கதவு மாட்டிச் சரிசெய்ய முடியாது. யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது நான்கைத்தான்: உங்கள் வேலை சத்தம் போடுமா, கனக்குமா, தூசியோ நெடியோ கிளப்புமா, வெளியாளை வரவழைக்குமா? இந்த நான்கும்தான் வரைபடத்தைத் தீர்மானிக்கும். எத்தனை சதுர அடி என்பது அதற்கப்புறம்.

வேலை இடம் எங்கே வரணும்? முன்னாடியா, பின்னாடியா, மாடியா?

ஆள் வருகிற வேலை என்றால் முன்னால், தரைத்தளத்தில், தனி வாசலோடு. வருகிறவர் உங்கள் சமையலறையைத் தாண்டி வரக்கூடாது, அவருக்கு ஒரு கழிவறை அந்தப் பக்கமே இருக்க வேண்டும். கனமான வேலையும் தரைத்தளம்தான். ஆள் வராத, அமைதி வேண்டிய எழுத்து, வரைகலை, கணக்கு மாதிரி வேலைகளுக்கு மாடி நன்றாக இருக்கும், மேலே யாரும் நடக்க மாட்டார்கள் என்பதே பெரிய லாபம்.

இது புதுப் பிரச்சினை இல்லை. ஜப்பானில் கியோட்டோவின் பழைய மச்சியா வீடுகளைப் பாருங்கள். தெருவை ஒட்டி ஒடுங்கலான முகப்பு, உள்ளே நீளமான மனை, முன்னால் கடை, பின்னால் குடியிருப்பு, நடுவில் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் சின்னத் தோட்டம். அந்தத் தோட்டம் அழகுக்கு என்று நினைக்கிறோம், எனக்கு அது கடையையும் வீட்டையும் பிரிக்கிற சுவராகவே தெரிகிறது. இடம் இருந்தால் நீங்களும் இரண்டு கட்டடமாகவே கட்டி நடுவில் ஒரு மூடிய நடைபாதை விடுங்கள். கீழே வரப்போகும் பாதி கேள்விகள் அதிலேயே தீர்ந்துவிடும்.

மரவீட்டில் மூச்சுவிட்டால்கூட அடுத்த ரூமுக்குக் கேட்கும் என்கிறார்களே, மீட்டிங் எல்லாம் எப்படிப் பேசுவது?

சரியாகக் கட்டாத மரவீட்டில் கேட்கும்தான். ஒற்றை வரிசைச் சட்டத்தில் இருபக்கமும் ஒவ்வொரு ஜிப்சம் பலகை அடித்த சுவர் 35 டெசிபல் அளவுக்குத்தான் தடுக்கும். சாதாரணப் பேச்சு ஒரு மீட்டர் தூரத்தில் 60 டெசிபல் அளவு. அடுத்த அறை அமைதியாக இருந்தால் பேச்சு போய்ச் சேரும், கொஞ்சம் காது கொடுத்தால் வார்த்தையும் புரியும்.

சுவரைத் தடிப்பாக்கலாமே என்று எல்லோரும் கேட்பார்கள். எடையை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 5, 6 டெசிபல்தான். சத்தம் பாதியானதுபோலக் காதுக்குத் தோன்றவே 10 டெசிபல் குறைய வேண்டும். ஆக, எடை கூட்டி மாளாது, பிரித்துத்தான் ஆக வேண்டும். ஒன்றையொன்று தொடாத இரண்டு வரிசைச் சட்டங்கள், நடுவில் இரண்டு மூன்று செ.மீ. இடைவெளி, உள்ளே கனிமக் கம்பளியோ மரநார்ப் பஞ்சோ, இருபுறமும் இரண்டிரண்டு ஜிப்சம் பலகை. இப்படிக் கட்டினால் சுவர் மட்டும் 55, 60 டெசிபலைத் தடுக்கும். இருபது, இருபத்தைந்து செ.மீ. தடிப்பு போய்விடும், அதனால்தான் வரைபடத்திலேயே இடம் ஒதுக்கச் சொல்கிறேன்.

இதைவிடச் சுலபமான வழியும் உண்டு. வேலை அறைக்கும் படுக்கையறைக்கும் நடுவில் சுவரை வைக்காமல் அலமாரி வரிசையை, மாடிப்படியை, சாமான் அறையை வையுங்கள். சும்மா இருக்கும் ஓர் இடம் சத்தத்துக்கு மெத்தை மாதிரி. என் வீட்டில் நான் பெருமையாகக் காட்டுவது இதைத்தான்: எனக்கும் தூங்குகிறவர்களுக்கும் நடுவில் துணி அலமாரி.

நல்ல கனமான கதவு போட்டும் கேட்கிறதே?

கதவுக்குக் கீழே எவ்வளவு இடுக்கு இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். சுவர்ப்பரப்பில் நூற்றில் ஒரு பங்கு ஓட்டை இருந்தால், மீதிச் சுவர் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் மொத்தத்தில் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. தண்ணீர் ஒழுகும் இடத்தில் எல்லாம் சத்தமும் ஒழுகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்புறமும் ரப்பர் பட்டை, கீழே கதவு சாத்தும்போது தானாக இறங்கும் அடைப்பு, அப்புறம் சுவரின் இருபுறமும் ஒரே இடத்தில் முதுகோடு முதுகாக சுவிட்ச் பெட்டி வைக்காமல் இருப்பது, இந்த மூன்றையும் செய்துவிட்டுப் பிறகு சொல்லுங்கள். நகரும் கதவு வேலை அறைக்கு வேண்டவே வேண்டாம். இடம் மிச்சம் என்பது உண்மை, ஆனால் அது எந்தப் பக்கமும் இறுக்கமாக மூடாது.

மேலே குழந்தைகள் குதித்தால் கீழே இடி இடிக்கிறது, கார்பெட் போட்டால் சரியாகிவிடுமா?

செருப்புச் சத்தமும் நாற்காலி இழுக்கும் சத்தமும் குறையும். தொம் தொம் என்ற கனத்த ஓசை குறையாது. லேசான மரத்தளங்களின் பலவீனமே அந்தத் தாழ்ந்த ஓசைதான். அதற்குத் தளத்தின் மேல் எடை சேர்க்க வேண்டும். உத்தரங்களின் மேல் ஒட்டாமல் மிதக்கும்படி ஒரு தளம், அதற்குள் உலர்மணலோ மெல்லிய கான்கிரீட்டோ, கீழே நெகிழும் கொக்கிகளில் தொங்கும் கூரைப்பலகை. மூன்றும் சேர்ந்தால்தான் வித்தியாசம் தெரியும். எல்லாம் ஆன பிறகு செய்தால் கூரை உயரத்தில் ஒரு சாண் போய்விடும். குழந்தைகள் அறைக்கு நேர் கீழே வேலை அறை வைக்காமல் இருப்பதற்கு ஒரு காசும் செலவில்லை.

மெஷின், பேப்பர் பண்டல், புத்தகம் எல்லாவற்றையும் மரத்தளம் தாங்குமா?

தாங்கும்படி கணக்குப் போட்டிருந்தால் தாங்கும். வீட்டுத் தளங்களைச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 முதல் 200 கிலோ என்று வைத்துத்தான் வடிவமைப்பார்கள், அலுவலகத்துக்கு அது 250, 300 என்று போகும், சேமிப்புக் கிடங்குக்கு இன்னும் மேலே. ஒரு மீட்டர் நீளத் தட்டில் புத்தகம் நிறைந்தால் 30 கிலோ அளவு வரும். ஆறு தட்டு உயர அலமாரி என்றால் ஒவ்வொரு மீட்டருக்கும் 180 கிலோ, அதுவும் ஒரே கோட்டில். ஆகவே வேலைப் பக்கத்தை அலுவலகம் என்று பொறியாளரிடம் வாய்திறந்து சொல்லுங்கள், சொல்லாவிட்டால் அவர் வீட்டுக் கணக்கைத்தான் போடுவார்.

அலமாரியை உத்தரங்களுக்குக் குறுக்காக, சுவரோரமாக வைத்தால் எடை பல உத்தரங்களுக்குப் பங்காகும். ஒரே உத்தரத்தின் மேல் நீளவாக்கில் வைத்தால் முழுச் சுமையும் அதன் தலையில். நின்று சுழலும் கனமான இயந்திரங்களுக்கு மரத்தளமே வேண்டாம், தரைத்தளத்தில் அந்த இடத்துக்கு மட்டும் கான்கிரீட் மேடை போட்டு வீட்டின் அடித்தளத்திலிருந்து பிரித்துவிடுங்கள்.

யாராவது நடந்தால் என் மேசையும் ஸ்கிரீனும் ஆடுகின்றன. வீடு பலவீனமா?

பலவீனம் இல்லை, விறைப்புக் குறைவு. இரண்டும் வேறு. என் மாடி அறையில் நான் செய்த தப்பு இதுதான்: பலம் போதுமா என்று மட்டும் பார்த்தேன், நடுக்கத்தை யோசிக்கவில்லை. மனிதன் நொடிக்குச் சுமார் இரண்டு அடி எடுத்து வைக்கிறான். தளத்தின் இயல்பான அதிர்வு நொடிக்கு எட்டுக்குக் கீழே இருந்தால் அந்த நடையோடு அது சேர்ந்து ஆட ஆரம்பிக்கும். கேமரா, நுண்ணோக்கி, கையெழுத்து வேலை எல்லாவற்றுக்கும் எரிச்சல்.

உத்தரத்தின் அகலத்தைக் கூட்டாதீர்கள், உயரத்தைக் கூட்டுங்கள். விறைப்பு உயரத்தின் மும்மடியில் ஏறும்: 20 செ.மீ. உத்தரத்தை 25 ஆக்கினாலே ஏறக்குறைய இரட்டிப்பு. அதைவிட நல்லது நடுவில் ஒரு தூணோ சுவரோ கொடுத்து நீட்டத்தைக் குறைப்பது. கட்டி முடித்துவிட்டீர்களா? மேசையைத் தளத்தின் நடுவிலிருந்து எடுத்துத் தாங்குசுவரின் ஓரத்துக்கு நகர்த்துங்கள், பாதி ஆட்டம் அடங்கும். நானும் அதைத்தான் செய்தேன்.

தீப்பிடித்தால் மொத்தமும் போச்சுதானே?

கனமான உத்தரம் அவ்வளவு சுலபமாகப் போகாது. மரம் எரியும்போது வெளியே கரி படியும், அந்தக் கரியே உள்ளே உள்ள மரத்துக்குப் போர்வை. ஊசியிலை மரங்களில் எரிவு நிமிடத்துக்கு 0.65 முதல் 0.8 மி.மீ. என்ற கணக்கில்தான் உள்ளே போகும், அரை மணி நேரத்துக்கு இரண்டு, இரண்டரை செ.மீ. அந்த அளவைக் கூட்டிப் போட்டே உத்தரத்தின் பருமனைத் தீர்மானிக்கிறார்கள். பாதுகாப்பில்லாத எஃகு 550, 600 டிகிரி சூட்டில் பாதி பலத்தை இழந்து வளைந்துவிடும். நார்வேயின் புரூமுண்டால் ஊரில் 85 மீட்டர் உயர மியோஸ்தோர்னெட் கட்டடத்தை 2019-இல் மரத்தில் எழுப்பத் துணிந்ததன் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

ஆனால் இதைக் கேட்டுச் சட்டக வீட்டுக்காரர்கள் நிம்மதியாகிவிடக் கூடாது. நாலு செ.மீ. சட்டம் கரி போர்த்திக்கொள்ள நேரம் இருக்காது. அங்கே காவல் ஜிப்சம் பலகைதான். அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு படிகத்துக்குள் சிக்கிய தண்ணீர், அது ஆவியாகித் தீரும்வரை பின்னால் உள்ள மரம் சூடேறாது. பலகையில் ஓட்டை போட்டுவிட்டு மூடாமல் விட்டால் அந்தக் காவலும் இல்லை. சுவருக்குள் உள்ள வெற்றிடம் ஒரு மாடியிலிருந்து அடுத்த மாடிக்குத் தொடர்ச்சியாகப் போகக் கூடாது, ஒவ்வொரு தளத்திலும் குறுக்குக் கட்டை அடைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது புகைபோக்கி.

வேலையால் வரும் ஆபத்து தனி. லித்தியம் பேட்டரிகளைச் சார்ஜ் போடும் இடம், அட்டைப்பெட்டி குவியும் இடம், பசையும் வார்னிஷும் இருக்கும் இடம், இவை மூன்றும் மாடிப்படிக்குக் கீழேயோ வெளியே போகும் வழியிலோ இருக்கவே கூடாது. வேலைப் பக்கம் தீப்பிடித்தால் தூங்குகிறவர்கள் அந்தப் பக்கம் போகாமலே வெளியேற வேறு வழி வேண்டும். இரண்டு பக்கப் புகை அலாரங்களும் ஒன்றோடொன்று இணைந்து ஒரே நேரத்தில் அலற வேண்டும்.

எனக்குத் தச்சுப் பட்டறைதான் வேலை. வீட்டோடு ஒட்டியே வைத்துக்கொள்ளலாமா?

நடுவில் இடைவெளி விட்டால்தான் எனக்குச் சம்மதம். மரத்தூளை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற சுருளும் தூளும் அல்ல தொல்லை, காற்றில் மணிக்கணக்காக மிதக்கும் மெல்லிய தூசிதான். அது கதவிடுக்கு வழியாகப் படுக்கை வரைக்கும் போகும். இயந்திரத்தின் வாயிலேயே உறிஞ்சும் குழாய் வையுங்கள், உறிஞ்சிய காற்றை வெளியே விடுங்கள், வீட்டின் ஏசிக் குழாயைப் பட்டறையோடு இணைக்காதீர்கள்.

இன்னொன்று, பலர் நம்ப மாட்டார்கள்: ஆளி எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானாகவே தீப்பிடிக்கும். எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு போக வழியில்லை. வெளியே விரித்துக் காயவையுங்கள், அல்லது மூடியுள்ள இரும்பு டப்பாவில் தண்ணீரில் அமிழ்த்துங்கள். மரவீட்டில் இதை மறக்கக் கூடாது.

கறையானும் செல்லும் அரிக்காதா? எத்தனை வருடம் தாங்கும்?

ஜப்பானின் ஹோர்யூ-ஜி கோயிலின் மரக்கட்டடங்கள் சுமார் 1,300 ஆண்டுகளாக நிற்கின்றன. நார்வேயில் ஒரு பாடம் இன்னும் தெளிவாக இருக்கிறது. அங்கே முதலில் தூண்களை மண்ணில் நட்டுத் தேவாலயம் கட்டினார்கள், எல்லாம் அடியில் மக்கிப்போயின. பிறகு தூண்களைக் கல்லின் மேல் கிடத்திய அடிச்சட்டத்தில் நிறுத்தினார்கள். அப்படிக் கட்டிய ஊர்னெஸ் தேவாலயம் 12-ஆம் நூற்றாண்டிலிருந்து இன்றும் நிற்கிறது. மரத்துக்கு வேண்டியது மேலே குடையும் கீழே செருப்பும்.

ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை மரத்தை மக்க வைக்க முடியாது. எனவே கூரையை 60 முதல் 90 செ.மீ. வெளியே நீட்டுங்கள், மரம் தரையிலிருந்து குறைந்தது ஒரு சாண் மேலே இருக்கட்டும், நனைந்த பலகைக்குப் பின்னால் காற்றோட இடம் விடுங்கள். கறையானுக்கு ஒரு மி.மீ. விரிசல் போதும். அதை முழுக்கத் தடுக்க முடியாது, மண்குழாய் கட்டும்போது கண்ணில் படும்படி செய்யலாம். அடித்தளத்தின் வெளிவிளிம்பை மறைக்காதீர்கள், அதன்மேல் உலோகத் தகடு வையுங்கள், வருடத்துக்கு இரண்டு முறை குனிந்து பாருங்கள். வேலைப் பக்கத்தில் அட்டைப்பெட்டிகளைச் சுவரோடு ஒட்டி அடுக்கிவைப்பதுதான் கறையானுக்கு நாம் வைக்கும் விருந்து.

போரான் மருந்து உட்புற மரத்துக்கு நல்லது, மழை பட்டால் கரைந்து போகும். செம்பு கலந்த மருந்து ஏற்றிய மரத்தில் சாதாரண ஆணி அரித்துவிடும், துருப்பிடிக்காத எஃகு ஆணியே அடியுங்கள்.

எந்த மரம் வாங்குவது?

பெயரைவிட ஈரத்தைப் பாருங்கள். உள்வேலைக்கு வரும் மரத்தில் 8 முதல் 12 சதவீத ஈரம் இருக்க வேண்டும், இரண்டு ஊசி குத்திப் பார்க்கும் ஈரமானி சின்னக் கருவிதான், லாரி வந்து நிற்கும்போதே குத்திப் பாருங்கள். மழை படும் இடத்துக்கு வைரம் பாய்ந்த கட்டை, சுற்றியுள்ள வெளிறிய பகுதி எந்த மரத்திலும் சீக்கிரம் போய்விடும். பாரம் தாங்கும் உத்தரத்துக்குத் தரம் பிரித்து முத்திரையிட்ட மரமோ ஒட்டு உத்தரமோ வாங்குவது நல்லது. உங்களுக்குக் கிட்டத்தில் எது விளைகிறதோ, உங்கள் தச்சருக்கு எது கைப்பழக்கமோ, அதுதான் நல்ல மரம்.

மரம் சுருங்கும் விரியும் என்கிறார்கள். கதவு ஜன்னல் எல்லாம் சிக்கிக்கொள்ளாதா?

சிக்கும், இடம் விடாவிட்டால். 30 சதவீத ஈரத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் மரம் சுருங்கத் தொடங்கும். நீளவாக்கில் சுருக்கம் அற்பம், குறுக்கே அதிகம், அதிலும் வளையங்களை ஒட்டிய திசையில் ஆரத்திசையைவிட ஏறக்குறைய இரு மடங்கு. சட்டக வீட்டில் சட்டம் நட்டுக்குத்தாக நிற்பதால் வீடு பெரிதாக இறங்காது. தடிவீட்டில் தடிகள் படுத்திருக்கின்றன, எல்லாம் குறுக்கே சுருங்கி, பச்சைத் தடியில் கட்டினால் நூற்றுக்கு 5, 6 பங்கு வரை சுவர் தாழும். முதலில் அது இறங்கிக்கொண்டே இருக்கும் என்றேனே, அது இதுதான். ஜன்னலுக்கு மேலே இடைவெளி, தூண்களுக்கு அடியில் திருகு ஜாக்கி இல்லாமல் தடிவீடு கட்டக் கூடாது. சுவர் முழுக்க அலமாரியைத் திருகி மாட்டிய பிறகு சுவர் இறங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

உள்ளே ரொம்பச் சூடாகுமா?

மரம் நல்ல தடுப்பு, வெப்பத்தைக் கான்கிரீட்டில் பத்தில் ஒரு பங்குகூடக் கடத்தாது. ஆனால் லேசானது, சூட்டை விழுங்கி வைத்துக்கொள்ளும் திறன் குறைவு. இரண்டு கம்ப்யூட்டரும் நாலு ஆளும் மத்தியானம் முழுக்க ஓர் அறையில் இருந்தால் சீக்கிரம் புழுங்கும். மேற்கு ஜன்னலைச் சின்னதாக்குங்கள், நிழலை ஜன்னலுக்கு வெளியே கொடுங்கள், வேலை அறைக்கு எதிரெதிரே இரண்டு திறப்பு வையுங்கள். தரை ஓடோ மண்பூச்சோ கொஞ்சம் கனம் சேர்த்தால் சூடு ஏறுவது தாமதமாகும்.

வெளிச்சம் போதுமா? மரம் எல்லாவற்றையும் இருட்டாக்குமே.

ஆக்கும். பூசாத மரம் வருடம் போகப்போக மஞ்சளாகி அப்புறம் பழுப்பாகும், அறையும் மங்கும். கூரைப்பலகையையாவது வெள்ளையாக்குங்கள், மரம் சுவரில் தெரியட்டும். மேசை வேலைக்கு 500 லக்ஸ் வெளிச்சம் வேண்டும் என்பது ஐரோப்பியத் தரக்குறிப்பு, வீட்டுக் கூடத்து விளக்கில் அது கிடைக்காது, மேசைக்கென்று தனி விளக்கு வையுங்கள். திரையை ஜன்னலுக்கு எதிரிலும் வைக்காதீர்கள், முதுகிலும் வைக்காதீர்கள், பக்கவாட்டில் வையுங்கள். ஓவியம், வண்ணம் பார்க்கும் வேலை என்றால் பூமியின் வடபாதியில் வடக்கு ஜன்னல், தென்பாதியில் தெற்கு ஜன்னல்: நேர்வெயில் குறைவு, நாள் முழுக்க ஒரே மாதிரி வெளிச்சம்.

வயரிங்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

கூடாது. சட்டகச் சுவரின் உள்பக்கம் நாலைந்து செ.மீ. தனி இடுக்கு விட்டு அதில் குழாய் போட்டு ஓட்டுங்கள். பஞ்சையும் காற்றுத்தடுப்புத் தாளையும் கிழிக்காமல் எப்போது வேண்டுமானாலும் ப்ளக் கூட்டலாம். உத்தரத்தில் துளை போட்டே ஆக வேண்டும் என்றால் உயரத்தின் நடுவில் போடலாம், நீளத்தின் நடுப்பகுதியில் அடிவிளிம்பை வெட்டவே கூடாது. எலக்ட்ரீஷியன் அவசரத்தில் அதைத்தான் வெட்டுவார், பக்கத்தில் நில்லுங்கள். வேலைப் பக்கத்துக்குத் தனி மின்பலகையும் முடிந்தால் தனி மீட்டரும் வையுங்கள். கணக்கெழுதும்போது வாழ்த்துவீர்கள்.

ஆபீசுக்கு மேலே பாத்ரூம் வரலாமா?

வேண்டாம். குழாய் ஒழுகினால் மரத்தளம் மாதக்கணக்கில் சத்தமில்லாமல் ஊறும், மேலே 20 சதவீதம் பற்றிச் சொன்னேனே, அந்தக் கதைதான். பாத்ரூமையும் சமையலறையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வேறு பக்கம் அடுக்குங்கள். வேறு வழியே இல்லை என்றால் குழாய் போகும் இடத்தில் திறந்து பார்க்கும்படி ஒரு பலகை விடுங்கள்.

அனுமதி, இன்ஷூரன்ஸ் எல்லாம் தனியா?

பெரும்பாலும். ஆள் வந்து போனால், வேலைக்கு ஆள் வைத்தால், வாசலில் பெயர்ப்பலகை மாட்டினால், சத்தம் போட்டால், பல இடங்களில் அது வெறும் வீடு என்ற கணக்கில் வராது. வீட்டுக்கும் வேலை இடத்துக்கும் நடுவே தீத்தடுப்புச் சுவர் கேட்கலாம். வரைவதற்கு முன்னால் உள்ளூர் கட்டட அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். காப்பீட்டாரிடம் மரக்கட்டுமானம் என்பதையும், உள்ளே தொழில் நடக்கிறது என்பதையும் இரண்டையும் சொல்லுங்கள். ஒன்றை மறைத்தால் இழப்பீடு கேட்கும் அன்று அதுவே காரணமாகும்.

மரம் வெட்டி வீடு கட்டுவது காட்டை அழிப்பது இல்லையா?

மரம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. ஒரு கன மீட்டர் உலர்ந்த ஊசியிலை மரத்துக்குள் ஏறக்குறைய 0.9 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான கார்பன் கிடக்கிறது, வீடு நிற்கும்வரை அது காற்றுக்குத் திரும்பாது. ஆனால் பழங்காட்டை வழித்து எடுத்த மரத்துக்கு இந்தக் கணக்கு செல்லாது. காட்டை அழிக்காமல் எடுத்த மரம் என்பதற்கு இரண்டு சான்று முத்திரைகள் உண்டு: 1993-இல் தொடங்கிய எஃப்.எஸ்.சி. அமைப்பினுடையது ஒன்று, 1999-இல் தொடங்கிய பி.இ.எஃப்.சி. அமைப்பினுடையது இன்னொன்று. மரத்தில் மட்டுமல்லாமல் பில்லிலும் அந்தச் சான்றின் எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

வேலையை விட்டு வெளியே வரவே முடியவில்லை. அதற்கும் டிசைனில் ஏதாவது உண்டா?

உண்டு, சின்னதுதான். வீட்டுக்குள்ளிருந்து வேலை அறைக்கு நேர்க்கதவு வைக்காதீர்கள். நாலடி தாழ்வாரத்தில் வெளியே இறங்கி, காற்றுப் பட்டு, மறுபடி உள்ளே ஏறும்படி வையுங்கள். மழை நாளில் திட்டுவீர்கள், பரவாயில்லை. அது முடியாவிட்டால் படுக்கையிலிருந்தோ சாப்பிடும் இடத்திலிருந்தோ பார்த்தால் மேசை தெரியாதபடி ஒரு திருப்பம் போதும்.

ஆர்க்கிடெக்டிடம் முதல் நாள் என்ன கொண்டுபோவது?

அழகான வீட்டுப் படங்களை அல்ல. ஒரு வாரம் நோட்டு வைத்துக்கொண்டு எந்த நேரத்தில் என்ன சத்தம் போடுகிறீர்கள், எத்தனை பேர் வந்தார்கள், எதைத் தூக்கி எங்கே வைத்தீர்கள், அந்த நேரத்தில் வீட்டில் யார் தூங்கினார்கள் என்று எழுதுங்கள். இருக்கிற பெரிய பொருட்களின் நீளம், அகலம், எடை, எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்பதையும் எழுதுங்கள். இன்றைய வேலை நாளை நின்றுபோனால் அந்த அறை என்னவாக வேண்டும் என்பதற்கும் ஒரு வரி: வயதானவர் தங்கும் அறையா, வாடகைக்கா? அதை முதலிலேயே சொன்னால் அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் போட்டு மூடி வைத்துவிடுவார்கள். என் வீட்டில் அது இல்லை, போன வருடம் தளத்தை அறுத்துத்தான் போட்டேன்.